ஒரே லாக், 64 கோர்: இணைப்பு அட்டவணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

லினக்ஸ் கெர்னலின் மூல மரத்துக்கு வெளியே, தனி மாட்யூலாகப் பராமரிக்கப்பட்ட ஒரு பாக்கெட் வடிகட்டியைப் பற்றிய பதிவு இது. இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று பார்த்து, அதற்கு உரிய விதியைப் பொருத்துவது அதன் வேலை. இணைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு ஹாஷ் டேபிள் (இணைப்பின் அடையாளத்திலிருந்து ஒரு எண் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள பக்கெட்டில் சங்கிலியாகக் கோக்கும் அட்டவணை), அந்த டேபிளைக் காக்க ஒரே ஒரு ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை சுழன்று காத்திருக்க வைக்கும் பூட்டு. டேபிள் நிரம்பினால் பழைய இணைப்பைத் தூக்கி எறிய வேண்டுமே, அதற்காக எல்லா இணைப்புகளையும் கோத்து ஒரு எல்ஆர்யூ பட்டியல் (கடைசியாகப் பயன்பட்ட நேரப்படி அடுக்கியது). பாக்கெட் வந்தவுடன் அதன் இணைப்பு பட்டியலின் தலைக்கு நகரும்.

எழுதப்பட்ட காலத்தில் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிராசசரில் 4 கோர், 8 கோர் உள்ள இயந்திரங்களில் ஓடியது. ஒரே லாக் என்றால் படிக்க எளிது, எந்த லாக்கை முதலில் எடுப்பது என்ற கவலை கிடையாது, பிழை தேடவும் சுலபம். லினக்ஸே 1996-ல் 2.0 பதிப்பில் 'பிக் கெர்னல் லாக்' என்ற ஒற்றை லாக்கோடுதான் பல பிராசசர் உலகத்துக்குள் நுழைந்தது. அதன் கடைசி மிச்சத்தை அகற்ற 2011-ல் வந்த 2.6.39 வரை ஆனது. எனவே பழைய நிரலை எழுதியவர்களைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

பிறகு வன்பொருள் மாறியது. இரண்டு சாக்கெட் (சாக்கெட்டுக்கு ஒரு பிராசசர் சிப்), மொத்தம் 64 கோர் கொண்ட இயந்திரங்களுக்கு இந்த மாட்யூல் மாற்றப்பட்டது. கோர் கூடினால் வேகமும் கூடும் என்ற எதிர்பார்ப்பில் திறன் கணக்கெல்லாம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

## முதலில் தென்பட்டது

சுமைச் சோதனையில் 8 கோர் வரை வேகம் ஒழுங்காக ஏறியது. 16-ஐத் தொடுவதற்குள் கோடு தட்டையானது. இரண்டாவது சாக்கெட்டின் கோர்கள் சேர்ந்ததும் கீழே இறங்கத் தொடங்கியது: அங்கே கிடைத்த வேகம் 16 கோரில் கிடைத்ததைவிடக் குறைவு. அத்தனை கோரும் சாஃப்ட்ஐஆர்க்யூவில் (பாக்கெட்களைக் கையாளும் கெர்னல் பகுதி) 100 சதவீதம் ஓடுவதாகக் கணக்கு காட்டியது.

சந்தேகம் முதலில் நெட்வொர்க் கார்டின் மேல்தான் விழுந்தது. இன்டரப்ட்கள் எல்லாக் கோர்களுக்கும் சமமாகப் போகின்றனவா, க்யூக்கள் போதுமா என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் முன்வைத்த கணக்கின்படி, வேலையில் 5 சதவீதம் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. கோடு தட்டையாவதை இந்தக் கணக்கு விளக்கிவிடும். கோடு இறங்குவதை விளக்காது. இறங்குகிறது என்றாலே, கோர் கூடக் கூட, ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அந்த வேலையே நீண்டுகொண்டு போகிறது என்று அர்த்தம். அதை நீட்டுவது எது என்பதுதான் தேட வேண்டியது.

குழுவில் ஒருவர், "க்யூ ஸ்பின்லாக் இருக்கிற கெர்னல்தானே இது, அப்புறம் லாக் எப்படிப் பிரச்சினை ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2008-ல் 2.6.25-ல் வந்த டிக்கெட் லாக்கில், காத்திருக்கும் எல்லாக் கோர்களும் நினைவகத்தின் ஒரே சொல்லைப் பார்த்துச் சுழலும். லாக் கைமாறும் ஒவ்வொரு முறையும் அத்தனை பேரின் கேச்சிலும் (கோரின் சொந்தச் சிறு வேக நினைவகம்) உள்ள நகல் செல்லாததாகி, எல்லோரும் மறுபடி எடுக்க ஓடுவார்கள். கூட்டம் கூடினால் கைமாற்றமும் மெதுவாகும். 2015-ல் 4.2-ல் வந்த க்யூ ஸ்பின்லாக், 1991-ல் மெல்லர்-கிரம்மியும் ஸ்காட்டும் முன்வைத்த எம்சிஎஸ் யோசனையை எடுத்துக்கொண்டது. அதில் ஒவ்வொருவரும் தனக்கென்று உள்ள இடத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். காத்திருப்பதன் செலவு அத்தோடு அடங்கியது. ஆனால் லாக் எந்தத் தரவைக் காக்கிறதோ அந்தத் தரவு கோருக்குக் கோர் பயணிப்பதை எந்த லாக்காலும் தடுக்க முடியாது. பயணம் சாக்கெட் தாண்டினால் செலவு இன்னும் அதிகம்.

## அளவிட்டுப் பார்த்தது

பெர்ஃப் கருவியில் நேரத்தின் பெரும்பகுதி ஸ்பின்லாக்கின் ஸ்லோபாத்தில், அதாவது லாக் உடனே கிடைக்காதபோது ஓடும் பகுதியில், போவது உடனே தெரிந்தது. அழைத்தவர் யார் என்று மேலே ஏறிப் பார்த்தால், எல்லாம் இணைப்பைத் தேடும் அந்த ஒரே ஃபங்ஷன். அடுத்து ஆய்வக இயந்திரத்தில், லாக்குகளின் புள்ளிவிவரம் எடுக்கும் லாக்ஸ்டாட்டை இயக்கினார்கள். லாக்கைப் பிடித்திருந்த நேரம் மிகச் சிறியது. மோதல் எண்ணிக்கையோ மலைபோல் இருந்தது. யாரும் லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கவில்லை, வருகிறவர்கள்தான் அதிகம்.

லாக்ஸ்டாட் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை இயக்கிக் கட்டிய கெர்னலில் லாக்கின் அளவே பெரிதாகிவிடும், அதனால் ஸ்ட்ரக்ட்டில் எந்த ஃபீல்டு எந்தக் கேச் லைனில் (கேச்சுக்குள் ஒன்றாக நகரும் துண்டு) விழுகிறது என்பதும் மாறிவிடும். எந்த லாக் சூடானது என்று கண்டுபிடிக்க அது நல்ல கருவி. எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று அளக்க அதை நம்பக் கூடாது.

உண்மையில் கண் திறந்தது பெர்ஃப் சி2சி அறிக்கையில்தான். ஒரு கோர் மாற்றி எழுதிய கேச் லைனை இன்னொரு கோர் கேட்டு வாங்கும் சம்பவங்களை முகவரி வாரியாக அது காட்டும். டேபிளின் தலைமை ஸ்ட்ரக்ட்டில் வரிசையாக இருந்தவை: ஹாஷ் பக்கெட்களின் பாயின்டர், மாஸ்க், ஸ்பின்லாக், எல்ஆர்யூ தலை, இணைப்புகளின் எண்ணிக்கை, மொத்த பாக்கெட் எண்ணிக்கை. எல்லாம் சேர்ந்து 64 பைட்டுக்குள், அதாவது ஒரே கேச் லைனுக்குள் அடக்கம். பாயின்டரும் மாஸ்க்கும் துவக்கத்தில் ஒருமுறை எழுதப்படுபவை, பிறகு மாறுவதே இல்லை. ஆனாலும் பக்கத்து ஃபீல்டில் யாரோ ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததால், லாக்குக்கு வருவதற்கு முன்பே, மாஸ்க்கைப் படிக்கும்போதே ஒவ்வொரு கோரும் கேச் மிஸ் வாங்கியது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எழுந்த யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: ஸ்பின்லாக்கை ரீடர்-ரைட்டர் லாக்காக மாற்றுவது. தேடல்தான் பெரும்பாலான வேலை, தேடுபவர்கள் ஒன்றாக உள்ளே வரட்டும் என்பது வாதம். எல்ஆர்யூ நகர்த்தலை வேறு லாக்குக்கு ஒதுக்கி, அது கிடைக்காவிட்டால் விட்டுவிடும்படி எழுதிப் பார்த்தார்கள். வரைபடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. காரணம் எளிது. ரீட் லாக் எடுப்பதும் ஒரு பொதுச் சொல்லில், யாரும் இடையில் புகாத அணு முறையில், ஒன்றைக் கூட்டுவதுதான், அந்தச் சொல்லும் கோருக்குக் கோர் பயணிக்கத்தான் செய்யும். உள்ளே நடக்கும் வேலை நீளமாக இருந்தால் அந்தச் செலவு கரைந்துவிடும். இங்கே உள்ளே நடப்பது ஒரு சின்னச் சங்கிலியில் இரண்டு மூன்று ஒப்பீடுகள். நுழைவுக் கட்டணமே வேலையைவிடப் பெரிது. யோசனை கைவிடப்பட்டது.

அடுத்து ஸ்ட்ரக்ட்டைப் பிரித்தார்கள். படிக்க மட்டும் உள்ள ஃபீல்டுகள் ஒரு கேச் லைனில், லாக்கும் அது காக்கும் தரவும் இன்னொன்றில். பாக்கெட் எண்ணிக்கை கோருக்கு ஒன்றாகப் பிரிந்தது. யாராவது கேட்டால் மட்டும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். சில வரி மாற்றம்தான், தட்டையாகும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்தது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்த மறுஆய்வில்தான், என் பார்வையில், இந்த வேலையின் முக்கியமான கேள்வி வந்தது. "எல்ஆர்யூ துல்லியமா இருக்கணும்னு யார் சொன்னாங்க?" யாரும் சொல்லவில்லை. டேபிள் நிரம்பும்போது ரொம்பப் பழைய இணைப்பு ஒன்று போனால் போதும், ஆகப் பழையதே போக வேண்டும் என்று எங்கும் தேவை இல்லை. அந்தத் துல்லியத்துக்காக ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தேடிப் படித்துவிட்டுப் போக வேண்டிய ஒரு வேலை, பொதுப் பட்டியல் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தது.

பட்டியல் தூக்கப்பட்டது. அதற்குப் பதில் ஒவ்வொரு இணைப்பிலும் கடைசியாகப் பார்த்த நேரம், நொடிக் கணக்கில். இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. நேரத்தை எழுதும் முன், ஏற்கெனவே உள்ள மதிப்பும் அதுதானா என்று படித்துப் பார்க்க வேண்டும், வேறாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். இந்த ஒரு 'இஃப்' இல்லாவிட்டால் அதே மதிப்பைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் கேச் லைன் மாற்றப்பட்டதாகவே குறிக்கப்பட்டு, அழுக்காகிக்கொண்டே இருக்கும். இருந்தால், எத்தனை பாக்கெட் வந்தாலும் ஒரு இணைப்புக்கு நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை எழுதுவதுதான். இடம் தேவைப்படும்போது, சில பக்கெட்களை எட்டிப் பார்த்து, அவற்றில் பழையதைக் கழிப்பது என்று முடிவானது.

எல்ஆர்யூ போனதும் பொது லாக்குக்கு வேலையே குறைந்துவிட்டது, அதனால் பிரிப்பதும் எளிதானது. இணைப்புகளைப் பின்தொடரும் லினக்ஸின் கான்ட்ராக் 2014-ல் 3.15 பதிப்பில் தன் மைய லாக்கை நீக்கிவிட்டு, பல லாக்குகள் கொண்ட வரிசை ஒன்றுக்கு மாறிய வழியையே இவர்களும் பின்பற்றினார்கள்: பக்கெட் எண்ணின் கீழ் பிட்களை வைத்து, வரிசையில் உள்ள ஏதோ ஒரு லாக். ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு இணைப்பும் போகும் திசைக்கு ஒன்று, வரும் திசைக்கு ஒன்று என இரண்டு பக்கெட்களில் கோக்கப்படுகிறது. சேர்க்கவும் நீக்கவும் இரண்டு லாக் வேண்டும். ஒரு கோர் 3, 7 என்றும் இன்னொன்று 7, 3 என்றும் எடுத்தால் இரண்டும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே சிறிய எண் முதலில் என்பது விதி. இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தால் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டும், இதை மறந்தால் கோர் தன் லாக்குக்காகத் தானே காத்திருந்து நின்றுவிடும். ஒரே வகை லாக்கை இரண்டு முறை எடுப்பதைப் பார்த்து, லாக் எடுக்கும் முறையைச் சரிபார்க்கும் லாக்டெப் கூச்சல் போடும். அதை அணைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, உள்ளே எடுக்கும் லாக்கை 'நெஸ்டட்' என்று குறித்துச் சமாதானப்படுத்தினார்கள்.

கடைசிப் படி, தேடலை ஆர்சியு-வுக்கு (ரீட்-காப்பி-அப்டேட்) மாற்றியது. 2002 முதல் கெர்னலில் இருக்கும் இந்த முறையில் படிப்பவர் எந்தப் பொதுச் சொல்லிலும் எழுதுவதில்லை. ப்ரீஎம்ப்ஷன் (ஓடும் கெர்னல் வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றுக்கு மாறுவது) இல்லாத கெர்னலில் படிக்கும் பகுதியின் தொடக்கமும் முடிவும் இயந்திர நிரலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் போய்விடும். நீக்குபவர்தான் பொறுமையாக இருக்க வேண்டும்: சங்கிலியிலிருந்து கழற்றிவிட்டு, அப்போது படித்துக்கொண்டிருந்த எல்லோரும் வெளியேறும்வரை, அதாவது க்ரேஸ் பீரியட் முடியும்வரை, நினைவகத்தை விடுவிக்கக் கூடாது. பக்கெட் லாக்கோடு நிறுத்திக்கொண்டால் போதாதா என்ற கேள்வியும் வந்தது. போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் சாதாரணத் தேடலுக்கும் ஒரு லாக்கின் கேச் லைனைத் தன் கோருக்கு இழுக்க வேண்டியிருக்கும், இரண்டு சாக்கெட் இயந்திரத்தில் அதன் விலையை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

மறுஆய்வில் ஒரு பிழை பிடிபட்டது. ஒரு புதிய இணைப்பின் இரண்டு பாக்கெட்கள் ஒரே நேரத்தில் இரண்டு கோர்களுக்கு வந்தால், இரண்டும் லாக் இல்லாமல் தேடி, இரண்டும் "இல்லை" என்று முடிவு செய்து, இரண்டும் சேர்த்துவிடும். லாக் எடுத்த பிறகு இன்னொருமுறை தேடிவிட்டுச் சேர்ப்பது என்று திருத்தினார்கள். பழைய ஒற்றை லாக் இப்படி எத்தனை விஷயங்களைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்பது பிரிக்கும்போதுதான் தெரிகிறது.

## தொடர்ந்து நடந்தது

வேகக் கோடு நன்றாக இருந்தது. அடுத்து, போலி இணைப்புகளை வெள்ளமாக அனுப்பும் சோதனை. அதில் நினைவகம் ஏறிக்கொண்டே போய் இயந்திரம் திணறியது. டேபிளில் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கையோ வரம்புக்குள்தான் இருந்தது.

விடுபட்டது எங்கே? வரம்புக் கணக்கு டேபிளில் இருப்பவற்றை மட்டும் எண்ணியது. கழற்றப்பட்டு, க்ரேஸ் பீரியடுக்காகக் காத்திருப்பவை கணக்கில் இல்லை. வெள்ளம் வரும்போது சேர்ப்பதும் கழிப்பதும் ஒரே வேகத்தில் நடக்கும். கோர்கள் பாக்கெட் வேலையிலேயே மூழ்கியிருப்பதால், நினைவகத்தை விடுவிக்கும் கால்பேக்குகள் (பிறகு அழைக்கப்படும் ஃபங்ஷன்கள்) ஓடவும் தாமதமாகும். காத்திருப்போர் பட்டியல் டேபிளைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. இது புதிய சிக்கல் அல்ல. 2000-களின் தொடக்கத்தில் நெட்வொர்க் தாக்குதல் சோதனைகளில் இதே வகை நெருக்கடி வந்துதான் ஆர்சியு-வுக்குச் சாஃப்ட்ஐஆர்க்யூவுக்கென்றே தனி வகை ஒன்று எழுதப்பட்டது, பின்னாளில் அது பொது வகையோடு இணைக்கப்பட்டது.

தீர்வுக்கு இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, கான்ட்ராக் செய்வதுபோல, க்ரேஸ் பீரியடுக்குக் காத்திராமல் நினைவகத்தை உடனே அதே வகைப் பொருளுக்கு மறுபயன்பாடு செய்வது. அப்படிச் செய்தால், படித்துக்கொண்டிருப்பவர் கையில் உள்ள பொருள் திடீரென்று வேறு இணைப்பாக மாறியிருக்கலாம், வேறு சங்கிலிக்கே தாவியிருக்கலாம். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் சரிபார்க்க வேண்டும், சங்கிலி முடிவில் எந்தப் பக்கெட்டில் முடிந்தோம் என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று, கணக்கை மட்டும் மாற்றுவது: எண்ணிக்கையைக் கழற்றும்போது குறைக்காமல், நினைவகம் உண்மையில் விடுபடும் கால்பேக்கில் குறைப்பது. வெள்ளத்தின்போது சில நியாயமான புதிய இணைப்புகளும் மறுக்கப்படும் என்பது இதன் விலை. இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். புதிய நிரல் இன்னும் பழகவில்லை, அதற்குள் முதல் வழியின் நுணுக்கங்களை ஏற்றுவது ஆபத்து என்பது காரணம். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த எண்ணிக்கைக்குக் கெர்னலின் பெர்-சிபியு கவுன்டரைப் பயன்படுத்தினார்கள். அது ஒவ்வொரு கோரிலும் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் பொது எண்ணில் கொட்டும். இயல்பான அளவு 32, அல்லது கோர் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு, இவற்றில் பெரியது. 64 கோருக்கு அது 128. அப்படியென்றால் பொது எண் உண்மையிலிருந்து 8,192 வரை விலகி நிற்கலாம். லட்சக்கணக்கில் வரம்பு உள்ள டேபிளில் அது பொருட்டில்லை. சோதனைக்காக வரம்பைச் சிறிதாக வைத்து இயக்கியவர் மட்டும், "வரம்பு வேலையே செய்யவில்லை" என்று புகார் எழுதினார்.

மாட்யூலை இறக்கும்போது ஒரு விபத்தும் நடந்தது, நல்லவேளையாக ஆய்வகத்தில். காத்திருந்த கால்பேக்குகள் ஓட வந்தபோது அவற்றின் நிரலே நினைவகத்தில் இல்லை. வெளியேறும் முன், காத்திருக்கும் கால்பேக்குகள் முடியும்வரை நிறுத்திவைக்கும் ஆர்சியு பேரியர் ஒன்றைச் சேர்த்ததும் சரியானது.

## விளைவு

முதல் சாக்கெட்டின் கோர்கள் முழுவதும் வேகம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறுகிறது. இரண்டாவது சாக்கெட்டில் ஏறும் அளவு குறைவு, ஆனால் ஏற்றம்தான். இறக்கம் எங்கும் இல்லை.

மிச்சம் இருந்த உராய்வைத் தேடியபோது பெர்ஃப் சி2சி இணைப்புப் பொருளையே காட்டியது. டிசிபி நிலையை மாற்ற ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சின்ன லாக் உண்டு. ஒரே இணைப்பின் போகும் பாக்கெட் ஒரு கோருக்கும் பதில் பாக்கெட் இன்னொரு கோருக்கும் போனதால் அந்த லாக் இரண்டுக்கும் நடுவே அலைந்தது. எந்த பாக்கெட் எந்தக் கோருக்கு என்று முடிவு செய்யும் நெட்வொர்க் கார்டின் ஹாஷ் சாவியை, இரு திசைக்கும் ஒரே மதிப்பு வரும்படி சமச்சீராக மாற்றினார்கள். கெர்னலில் ஒரு வரிகூடத் தொடாத இந்த மாற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகம் உதவியது.

## மறுபடி செய்தால் மாறுபவை

எல்ஆர்யூ பற்றிய கேள்வி முதல் நாளே எழுந்திருக்க வேண்டும். ரீடர்-ரைட்டர் லாக் சோதனையில் போன நேரம் முழுவதும், நீக்கியிருக்க வேண்டிய ஓர் எழுதும் வேலையைச் சுற்றி வளைத்துப் போவதற்கே செலவானது. சமச்சீர் ஹாஷ் சாவியையும் முதலிலேயே போட்டிருந்தால் அளவீடுகள் இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

சோதனைக் களத்தில் இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1 முதல் 64 கோர் வரை முழு வரைபடமும் எடுக்கிறார்கள். முன்பு 8 கோரில் ஒரே ஒரு புள்ளி மட்டுமே அளக்கப்பட்டது, அந்தப் புள்ளியில் பழைய நிரலுக்கும் புதியதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. வெள்ளச் சோதனையில் வேகத்தோடு நினைவகத்தையும், காத்திருக்கும் கால்பேக்குகளின் எண்ணிக்கையையும் பதிவு செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. டேபிளின் அளவு துவக்கத்தில் தீர்மானிக்கப்பட்டதோடு சரி, ஓடும்போது மாறாது. கெர்னலிலேயே உள்ள, தானாக வளரும் ஆர்ஹாஷ்டேபிளுக்கு மாறலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. இரண்டு பக்கெட்களில் கோக்கப்படும் இணைப்பை அதில் எப்படி ஒரே மூச்சில் நீக்குவது என்று மறு தரப்பு கேட்கிறது. முன்மாதிரி ஒன்று எழுதி, அதே 64 கோர் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள்.